பாத்திரமும் சீலையும்

என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து உடலின் இடப்பக்கம் செயலிழந்துபோன ஆண்டில், இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் பெரிய வியாழனன்று எங்கள் ஆலயத்தில் செய்தி கொடுத்தவன் நான்தான். யோவான் சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, ஆண்டவராகிய இயேசு போஜனத்தை விட்டெழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை, அதாவது துடைக்கும் துணியை, அரையிலே கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீஷர்களின் கால்களைக் கழுவிய காட்சியை நாற்பது நிமிடம் விவரித்தேன். புழுதியில் நடந்து வருகிறவர்களின் கால்களைக் கழுவுவது அந்நாட்களில் வீட்டில் கடைநிலையில் இருந்த அடிமையின் வேலை என்பதையும், சீஷனாகிய பேதுரு தன் கால்களைக் கழுவ வேண்டாமென்று பதறியதற்கு அதுவே காரணம் என்பதையும் எடுத்துச் சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பலர் கைகுலுக்கி, செய்தி மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆறு மாதம் கழித்து அம்மா படுத்த படுக்கையானபோது, அந்தக் கட்டிலின் அருகே பாத்திரமும் தண்ணீரும் துண்டும் ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டன. என் மனைவியும் என் தங்கையும் மாறி மாறி அவற்றை எடுத்தார்கள். மருந்து வாங்குவது, மருத்துவரிடம் பேசுவது, பணம் கட்டுவது, நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப்போடுவது ஆகியவை என் பொறுப்பாக இருந்தன. அறைக்குள் அம்மாவுக்கு உடை மாற்றும் நேரங்களில் நான் வராந்தாவில் நின்றேன். ஆண்பிள்ளை உள்ளே நிற்பது முறையல்ல என்பது எல்லோருக்கும் ஒப்புதலான காரணமாக இருந்ததால், அதன் பின்னால் இருந்த அருவருப்பை நான் யாரிடமும், என்னிடமும்கூட, ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் ஒருவர் என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை அவள் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது. முதுகிலோ இடுப்பிலோ தோல் சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காமல், அதன்மேல் பாரம் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்கியதை உறுதிசெய்துகொண்டுதான் அடுத்த கரண்டியைக் கொடுக்க வேண்டும். படுக்கைப் புண் என்பது இரண்டு மூன்று நாள் கவனக்குறைவில் உண்டாகி, ஆறுவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வது. அந்த நாட்காட்டித் தாள் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் எங்கள் வீட்டு வாக்குத்தத்த வசனமும் சட்டமிட்டுத் தொங்கியது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் ‘ஊழியம்’ என்ற சொல்லை அன்றாடம் புழங்குகிறோம். முழுநேர ஊழியர், ஊழிய அழைப்பு, ஊழியப் பாதை, ஊழியக் காணிக்கை என்றெல்லாம் சொல்லும்போது, மேடையும் ஒலிபெருக்கியும் பிரசங்கமுமே நம் கண்முன் வருகின்றன. ஆனால் இந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. என் பாட்டியின் ஊர் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது. அங்கே ‘ஊழியம்’ என்றால், ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்கவும் பொருள் கொண்டுசேர்க்கவும் அழைக்கப்பட்டால் மறுக்க முடியாது. அந்த ஊழியத்தின் கொடுமைக்கு எதிராக மிஷனெரிமார் மனு எழுதினார்கள். ஒரு காலத்தில் எம் முன்னோர் தப்பிக்க விரும்பிய சொல் அது. அதே சொல்லைத்தான் வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் மனுஷகுமாரனாகிய இயேசுவின் வாயில் வைத்தார்கள். அவர் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்று மாற்கு 10:45இல் படிக்கிறோம். சில தலைமுறைகளுக்குள் அதை நாம் சால்வை போர்த்தப்படும் பட்டமாக மாற்றிக்கொண்டோம் என்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் இன்னும் நுட்பமான ஒன்று நடந்திருக்கிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டுப்போனதால் முறுமுறுப்பு உண்டாயிற்று. உணவு பரிமாறுவதைக் கவனிக்கும் பந்திவிசாரணைக்கென ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அப்போஸ்தலரோ தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியத்தில் தரித்திருந்தார்கள். தமிழில் ஒன்று ‘விசாரணை’, மற்றொன்று ‘ஊழியம்’. மூலமான கிரேக்கத்தில் இரண்டிடத்திலும் நிற்பது ‘தியாகோனியா’ என்ற ஒரே சொல். விதவைக்குச் சோறு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும், வசனத்தைப் போதிப்பதும் அந்த மொழியில் ஒரே பெயரைப் பெற்றவை. நம் மொழிபெயர்ப்பைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை; ‘விசாரணை’ என்பதும் அழகிய சொல்தான், கவலையோடு கேட்டறிதல் அதில் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிரிவினை நம் மனத்துக்குள் இறங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். பந்தியில் பரிமாறுகிறவர் உதவி செய்கிறார், மேடையில் நிற்கிறவர் ஊழியம் செய்கிறார் என்ற பேச்சு சபையார் கூடி உண்ணும் எங்கள் அசன விருந்துகளில்கூட இயல்பாக எழும். அதே தமிழ் வேதாகமம் ரோமர் 16:1இல் பெபேயாள் என்னும் பெண்ணைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று அழைக்கிறது. எங்கள் சபையில் அந்தச் சொல்லால் எந்தப் பெண்ணையும் யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

அப்படி அழைக்கப்பட்டிருக்க வேண்டிய ஒருவர் எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். அவரை நான் அத்தை என்று அழைப்பேன். அவர் அம்மாவை மதினி என்பார். இரத்த உறவு எதுவும் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மாவோடு நாற்பது ஆண்டுகள் இருந்தவர், விதவை, தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். முதல் செவ்வாய்க்கிழமை அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அதில் ஒரு பழைய நூல்சேலையைக் கிழித்து மடித்த துண்டுகள் இருந்தன. தேங்காய்ப்பூத் துண்டு முதியவர்களின் தோலுக்குச் சொரசொரப்பாக இருக்கும், துவைத்துத் துவைத்து நைந்த நூல்சேலைதான் நல்லது என்று விளக்கம் சொன்னார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மருமகளும் மகளும் செய்வதையே கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருந்தவர், வெளியார் ஒருவர் தன் உடம்பைக் கழுவ வந்ததும் அழத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்த அழுகை வராந்தா வரை கேட்டது. “வேண்டாம் தாயி, நீ எனக்குச் செய்யக்கூடாது, நான் செத்தாலும் பரவாயில்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு அத்தை, “என் பேறுகாலத்துல மருந்து கிண்டி எடுத்துக்கிட்டு வந்து, எனக்கு வெந்நீர் ஊத்தினது யாரு மதினி? அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேனா?” என்று கேட்டார். பிறகு அறையில் சத்தமில்லை. பாத்திரத்தில் துணியைப் பிழியும் ஓசை மட்டும் வந்தது.

நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்று பேதுரு மறுத்ததைத் தாழ்மை என்றுதான் நான் பிரசங்கித்திருந்தேன். வராந்தாவில் நின்றபோது அது வேறாகத் தோன்றியது. அம்மா தன் வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகியவர். சோற்றுக்கு அரிசி களையுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, நிறைந்ததும் ஆலயத்தில் கொண்டுசேர்ப்பார். அந்தப் பிடி அரிசியை ஒருநாளும் மறந்ததில்லை. தெருவில் பேறுகாலமா, சாவா, காய்ச்சலா, எதுவானாலும் முதலில் போய் நிற்பார். கொடுக்கிற கை மேலே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாமலே அவருக்குள் ஊறியிருந்தது. மேலே இருந்த கை கீழே வந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் பேதுருவுக்குச் சொன்ன பதிலை நான் அதுவரை ஒரு மிரட்டலைப் போலத்தான் படித்திருந்தேன். சேவை செய்வதைப் பற்றி நாம் ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். சேவையை வாங்கிக்கொள்வதற்கு எவ்வளவு மனம் உடைய வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றேனும் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

நான் அறைக்குள் போனது அத்தையின் வார்த்தையால் அல்ல, நிர்ப்பந்தத்தால். ஒருநாள் மனைவிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, தங்கை ஊரில் இல்லை, அம்மாவை உடனே சுத்தம் செய்தாக வேண்டியிருந்தது. கைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. விரிப்பை மாற்ற இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன், பாதியில் அம்மா வலியில் முனகினார், நான் “கொஞ்சம் சும்மா இருங்க” என்று கத்திவிட்டேன். அந்தக் குரலில் இருந்த எரிச்சல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. பின்னாளில் அந்த வேலை பழகியது, அருவருப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. தூக்கம் கெட்ட இரவுகளில் அது வந்துகொண்டுதான் இருந்தது. அன்பு இருந்தால் எல்லாம் இலகுவாகிவிடும் என்று சொல்கிறவர்கள் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஈரமான மெத்தையைப் புரட்டிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில்தான், பல ஆண்டுகளுக்கு முன் வேலூருக்கு அருகே கரிகிரியில் கண்ட காட்சி அடிக்கடி நினைவுக்கு வந்தது. 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. நோயாளிகள் சிலர் வரிசையாக அமர்ந்து, தண்ணீரில் கால்களை ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஏதோ சிறிய காரியமாகத் தெரிந்தது. உடன் வந்தவர் விளக்கினார்: தொழுநோய் நரம்பைத் தாக்கியதும் உணர்ச்சி போய்விடுகிறது, வியர்வை சுரக்காமல் தோல் காய்ந்து வெடிக்கிறது, வெடிப்பு புண்ணாகிறது, வலி தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். ஆகவே தினமும் காலை ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து அகற்றி, ஈரம் உள்ளே தங்கும்படி எண்ணெய் தடவி, பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, வேலூரில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த பால் பிராண்ட், விரல்களும் பாதங்களும் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலியுணர்வு இல்லாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். இரவில் எலி கடித்தாலும் தெரியாமல் விரலை இழந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மருந்தாக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. மடங்கிப்போன கைகளை நிமிர்த்திய அறுவை சிகிச்சையினால் அவர் உலகப் புகழ் பெற்றார். ஆனால் நிமிர்ந்த அந்தக் கை நிலைத்தது அன்றாடக் கவனிப்பினால்தான். பாத்திரமும் தண்ணீரும் அங்கே பெரிய வியாழக்கிழமைச் சடங்காக இல்லை, காலை வேளையின் சிகிச்சையாக இருந்தன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகமும் நான் மேலே சொன்ன ஊழியங்கொள்வதற்கல்ல, ஊழியஞ்செய்யவே என்னும் வசனத்திலிருந்து வந்ததே. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் உதவியின்றி இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போன கதை எல்லோரும் அறிந்தது. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று அந்தந்த வீட்டார் மறுத்துவிட்டார்கள். நான் கவனித்தது வேறு. அவர் செவிலியர் பள்ளியை 1909இல் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. கழுவவும் துடைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் தெரிந்த கைகள் ஒன்பது ஆண்டுகள் முந்தி உருவாயின. பிறர் உடம்பின் அழுக்கைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமுதாயத்தில் அந்த வேலைக்கு முன்வந்த பெண்களில் கிறிஸ்தவப் பெண்கள் மிகுதி. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையையும் இப்போது நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டி, தன் வாகனத்தின்மேல் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு பராமரித்த சமாரியன், மறுநாள் புறப்பட்டுப் போய்விட்டான். போகும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான். அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலி. அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான். அதற்குப்பின் கட்டு மாற்றியது யார்? கஞ்சி கொடுத்தது யார்? இரவில் முனகினால் எழுந்து வந்தது யார்? பணம் பெற்றுக்கொண்ட அந்தச் சத்திரக்காரன்தான். அவனைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. கூலி வாங்கிக்கொண்டு செய்தது அன்பாகாது என்று நாம் எண்ணுகிறோம் போலும்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு சத்திரக்காரர் வந்தார். கடைசி ஐந்து மாதம், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் மாதச் சம்பளத்துக்கு இரவு நேரம் அம்மாவோடு தங்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வருவார். அம்மா ஜெபம் செய்யச் சொன்னால், தனக்கு ஜெபம் தெரியாது என்று சொல்லிவிட்டு அம்மா முடிக்கும்வரை கைகட்டி நிற்பார். அவர் இருந்த ஐந்து மாதமும் அம்மாவின் முதுகில் ஒரு சிவப்பு கூட வரவில்லை. சம்பளத்தை ஒருமுறை நான் நான்கு நாள் தாமதமாகக் கொடுத்தேன். வேலையின் பெருமையைப் பேசிக்கொண்டே அதன் கூலியைத் தள்ளிப்போடும் பழக்கம் நம் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அப்போது உணர்ந்தேன். நோயுற்றவர்களுக்குச் செய்தது தமக்கே செய்தது என்று நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் சொல்லும்போது நீதிமான்கள், ஆண்டவரே, உம்மை எப்பொழுது வியாதியுள்ளவராகக் கண்டோம் என்று உண்மையாகவே தெரியாமல் கேட்பார்கள் என்று மத்தேயு 25இல் எழுதியிருக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்கப்போகிறவர்களை நினைக்கும்போது, எனக்கு அந்தத் திருநீறு பூசிய நெற்றி ஞாபகம் வருகிறது. இறையியல் அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா இறந்த பிறகு சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஒரு யோசனை வைத்தேன். சபையில் படுக்கையில் இருப்பவர்கள் யார், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவருக்கு மாற்றாள் உண்டா என்று ஒரு பட்டியல் எடுத்து, வாரத்தில் ஒரு மூன்று மணி நேரமாவது அந்த மாற்றாளாகப் போவதற்கு ஆட்களைப் பழக்குவது என்பதே அது. யாரும் எதிர்க்கவில்லை. புதிய ஒலிபெருக்கி வாங்கும் விவாதம் அன்று ஒன்றரை மணி நேரம் நடந்தது, இதற்குப் பத்து நிமிடம் கிடைத்தது. பட்டியலில் பதினொரு வீடுகள் வந்தன. பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆண்கள் இருவர், நானும் ஓய்வுபெற்ற ஒரு பேருந்து நடத்துநரும். ஒரு செவிலியர் இரண்டு சனிக்கிழமை வந்து பழக்கிக் கொடுத்தார். மூன்று பேர் இடையில் நின்றுவிட்டார்கள். மற்றபடி அது நடந்துகொண்டிருக்கிறது, சில வாரம் நன்றாக, சில வாரம் அரைகுறையாக. போகிற வீட்டில் ஜெபம் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். அவர்கள் கேட்டால் செய்யுங்கள், முதலில் அந்த வீட்டம்மாளைத் தூங்கச் சொல்லுங்கள் என்று அத்தைதான் பதில் சொன்னார்.

அந்த அத்தையே இப்போது பட்டியலில் இருக்கிறார். சர்க்கரை நோய் முற்றி, இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி குறைந்துவிட்டது. குனிய முடியாது, பாதத்தின் அடியைப் பார்க்குமளவுக்குக் கண்ணும் தெளிவில்லை. சென்ற ஆண்டு காலில் குத்திய முள்ளை நான்கு நாள் அறியாமல் நடந்து, சுண்டுவிரலை இழந்தார். மகன்கள் இருவரும் வெளியூரில். செவ்வாய்க்கிழமை என் முறை.

முதல் நாள் நான் பாத்திரத்தோடு போனபோது அவர் காலை இழுத்துக்கொண்டார். ஆம்பிளைப் பிள்ளை காலைத் தொடக்கூடாது என்றார், நல்லாவா இருக்கும் என்றார், ஊர் சிரிக்கும் என்றார். நான் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கு அவர் சொன்ன பதிலைத் திருப்பிச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவராகவே வலது காலை நீட்டினார்.

உணர்ச்சியில்லாத கால் வெந்நீரின் சூட்டை அறியாது. ஆகவே கழுவுகிறவன் தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலை நெடுநேரம் ஊறவைக்கவும் கூடாது. கழுவி எடுத்தபின் விரல்களுக்கு இடையில் ஈரம் தங்கினால் அங்கே தோல் வெந்து புண்ணாகும் என்பதால், ஒவ்வொரு இடுக்கிலும் துணியை நுழைத்து ஒற்றி எடுக்க வேண்டும்; கழுவுவதைவிடத் துடைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது. தாம் கட்டிக்கொண்டிருந்த சீலையினால் துடைத்தார் என்று யோவான் எழுதியதை நான் அன்றைய நாற்பது நிமிடச் செய்தியில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோயிருந்தேன். நான் கொண்டுபோயிருந்த புதிய துண்டைப் பார்த்த அத்தை அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த மஞ்சள் பையை எடுக்கச் சொன்னார்.